மோட்டார் சைக்கிளில் முதல் வெளிநாட்டுப் பயணம்



மாலை நேரம். தோட்டத்தில் வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் ஓர் இளைஞர் தம் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார்.

"பாட்டி, அடுத்த லீவுக்கு நான் மட்டும் தனியா மோட்டார்ல ஹாட்யாய் போயிட்டு வரப்போறேன்."

"ஹாட்யாயா? அது எங்கேப்பா இருக்கு?"

"தாய்லாந்துல பாட்டி. நீங்க சயாம்னு சொல்வீங்களே, அதான்."

பாட்டி முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "சயாமுக்கா? எங்க அப்பாவை அங்கேதான் கொண்டுபோனாங்க. அப்போ நான் கைக்குழந்தை. போனவர் திரும்பி வரலையே அய்யா!"

நேயர்களே, இது நான் கற்பனையாகச் சொல்லும் காட்சிதான். ஆனால் நம் தோட்டங்களில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை போட்டார்கள். அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் அங்கே மாண்டவர்கள் ஆயிரமாயிரம் பேர். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று அவர்களுக்கும் தெரியாது. வீட்டில் இருந்தவர்களுக்கும் தெரியாது. ஆகவே பாட்டியின் அச்சத்தை மூட நம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது.

பேரனுடைய ஆசையும் தவறன்று. எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சொந்த உழைப்பில் வாங்கிய வண்டியில் போய்ப் பார்க்க நினைப்பது நல்ல ஆசைதான். இந்த இருவருக்கும் சேர்த்துத்தான் இன்று பேசப்போகிறேன். நான் சொல்லவருவது ஒன்றே ஒன்று. பயணத் திட்டம் என்றால் போவதற்கான திட்டம் மட்டும் அன்று. அது திரும்பி வருவதற்கான திட்டம். திரும்பும் வழியை முதலில் ஒழுங்கு செய்துவிட்டால், போகும் வழி தானே ஒழுங்காகிவிடும்.

தம்பி சுங்கைப்பட்டாணிக்கு அருகில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து அலோர்ஸ்டார், சங்லூன் வழியாகப் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர். எல்லையைத் தாண்டிச் சடாவ் வழியாக ஹாட்யாய்க்கு இன்னும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மொத்தம் 170. நம்முடைய 'கப்சாய்' வண்டிக்கு இது எட்டாத தூரம் இல்லை. வண்டியால் முடியும். ஓட்டுபவரால் முடியுமா என்பதுதான் கேள்வி.

முதலில் உரிமத்தைப் பார்ப்போம். ஆசியான் நாடுகள் 1985ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு நாட்டின் வாகனமோட்டும் உரிமத்தை மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் சாரம். ஆனால் தற்காலிக உரிமமும் பழகுநர் உரிமமும் அதில் சேரவில்லை. நம் நாட்டில் புதிதாகத் தேறியவர் 2 ஆண்டுகளுக்கு 'பி' உரிமம்தான் வைத்திருப்பார். நடுச்சாலையில் அந்நிய நாட்டுப் போலீசாரிடம் ஒப்பந்தத்திற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் முதலில் உரிமத்தைத்தான் கேட்கும். ஆகவே, தம்பி, அந்த 2 ஆண்டுகளை முடித்து, முழு உரிமம் கையில் வந்த பிறகு புறப்படுங்கள்.

"இரண்டு வருஷம் சும்மா இருப்பதா?" என்று கேட்பீர்கள். சும்மா இருக்க வேண்டாம். அந்த 2 ஆண்டுகளும் உங்கள் பயிற்சிக் காலம். முதலில் பகலில் பக்கத்து ஊர்களுக்குப் போய் வாருங்கள். பிறகு மழையில் ஓட்டிப் பழகுங்கள். பிறகு பயணப் பையை வண்டியில் கட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பாரம் ஏறினால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடுவதை உங்கள் கையே உணரும். கடைசியாக ஒரே நாளில் சுங்கைப்பட்டாணியிலிருந்து கங்கார் வரை போய்த் திரும்புங்கள். அது 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். வீடு வந்து சேர்ந்தபோது முதுகும் கையும் என்ன சொல்கின்றன என்று கவனியுங்கள். 'இன்னொரு முறை போகலாம்' என்று உடம்பு சொன்னால் நீங்கள் தயார்.

அடுத்து வண்டியின் பத்திரங்கள். பல வீடுகளில் வண்டி ஓட்டுபவர் மகன், 'கிராண்ட்' இருப்பது அப்பா பெயரில். அப்படியானால் அப்பா ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும், அவருடைய அடையாளக் கார்டு நகலும் வேண்டும். தவணைப் பணம் கட்டி முடியவில்லை என்றால் கடன் கொடுத்த நிறுவனத்திடமும் அனுமதிக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடன் முடியும்வரை வண்டி முழுக்க நம்முடையது அன்று.

எல்லையில் தாய்லாந்துச் சுங்கத் துறையினர் வண்டிக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். இந்த வண்டி தற்காலிகமாக உள்ளே வருகிறது, இன்ன தேதிக்குள் திரும்பிவிடும் என்பதற்கான தாள் அது. அதைத் தொலைத்தாலோ, தேதி தவறினாலோ அபராதம் கட்ட நேரிடும். கடப்பிதழ் செல்லுபடியாக இன்னும் 6 மாதமாவது இருக்க வேண்டும். இரண்டு பக்கக் குடிநுழைவு அலுவலகங்களிலும் முத்திரை விழுந்ததா என்று அங்கேயே நின்று பாருங்கள். 2025 மே முதல் தேதியிலிருந்து, தாய்லாந்துக்குச் செல்லும் வெளிநாட்டவர் வருகை அட்டையை இணையத்தின் வழி நிரப்ப வேண்டும் என்று விதி வந்தது. போய்ச் சேரும் நாளுக்கு முந்திய 3 நாட்களுக்குள் நிரப்பலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. கைப்பேசியில் யாராவது பணம் கேட்டால் அது அரசாங்கத்தின் பக்கம் அன்று என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனிக் காப்புறுதி. இதில் ஏமாறுபவர்கள் பலர். நம் நாட்டு மோட்டார் காப்புறுதி சாதாரணமாக மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய நாடுகளுக்கு மட்டுமே பொருந்தும். எல்லையைத் தாண்டிய நிமிடமே அது நின்றுவிடும். தாய்லாந்துக்கென்று கட்டாயக் காப்புறுதி ஒன்று உண்டு. சங்லூனிலும் எல்லையை ஒட்டிய கடைகளிலும் அதை வாங்கலாம். விபத்தில் ஆட்களுக்கு ஏற்படும் காயத்திற்குத்தான் அது ஈடு கொடுக்கும். நீங்கள் மோதிய காருக்கோ, காணாமற்போன உங்கள் வண்டிக்கோ கொடுக்காது. அவற்றுக்கு வேறு காப்புறுதி உண்டா என்று உங்கள் காப்புறுதி முகவரிடம் முன்னதாகவே கேளுங்கள். உங்கள் உடம்புக்குப் பயணக் காப்புறுதி தனியாக வேண்டும். அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரு கால் முறிவுக்கு வெளிநாட்டு மருத்துவமனை கேட்கும் தொகை, ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளமாக இருக்கலாம். அதை வீட்டில் இருப்பவர்கள் கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

எப்போது போவது? நவம்பர், டிசம்பர் மாதங்கள் வேண்டாம். 2025 நவம்பரில் ஹாட்யாய் நகரம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. மலேசியப் பயணிகள் ஆயிரக்கணக்கானோர் தங்கும் விடுதிகளிலேயே மாட்டிக்கொண்டார்கள். எங்கே போகக் கூடாது என்பதும் திட்டத்தில் சேரும். யாலா, பத்தானி, நாராதிவாட் மாநிலங்களில் 2004ஆம் ஆண்டு முதல் குண்டு வெடிப்புகளும் துப்பாக்கிச் சூடுகளும் நடந்துவந்திருக்கின்றன. முதல் பயணத்திற்கு அந்தப் பக்கம் வேண்டாம். சடாவிலிருந்து ஹாட்யாய் செல்லும் பெரிய சாலையே போதும். புறப்படுமுன் வெளியுறவு அமைச்சின் அறிவிப்பையும் பாருங்கள்.

பொழுது விடிந்த பிறகு புறப்படுங்கள். வெயில் தாழ்வதற்குள் போய்ச் சேருங்கள். தாய்லாந்திலும் நம்மைப் போல இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் அங்கே நடுவில் பிரித்த சாலையில் வண்டிகள் திரும்புவதற்கு இடைவெளி விட்டிருப்பார்கள். திரும்புகிற லாரி, வேகமாகப் போகும் வலப்பக்கப் பாதையில் மெதுவாக நிற்கும். சாலை ஓரத்தில் எதிர்த் திசையிலும் மோட்டார் சைக்கிள்கள் வரும். ஆகவே வேகத்தைக் குறையுங்கள். ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை இறங்கிக் காலை நீட்டுங்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பிந்தி ஓடும். திரும்பும்போது எல்லை மூடும் நேரத்தைக் கணக்கிடுவதில் இதனால் தடுமாற வேண்டாம்.

வண்டியைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பழுது பாருங்கள். முதல் நாள் மாற்றிய உதிரிப் பாகம் சரியாக வேலை செய்கிறதா என்று வழியில் சோதிக்கக் கூடாது. டயர், சங்கிலி, பிரேக், விளக்கு, எண்ணெய் இந்த ஐந்தையும் பாருங்கள். ஒரு டியூப், ஒரு பிளக், ஒரு பிரேக் கம்பி, ஸ்பானர்கள், கைப் பம்பு, மழைக் கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சாவியை வண்டியில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். சங்லூனில் பெட்ரோல் நிரப்புங்கள். தாய்லாந்துப் பெட்ரோல் நிலையத்தில் 'ஈ20', 'ஈ85' என்று எழுதிய குழாய்கள் இருக்கலாம். அவற்றில் எரிசாராயம் அதிகம். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அவை ஆகா.

இன்னும் ஒன்று. "தம்பி, இந்தப் பொட்டலத்தை அந்தப் பக்கம் கொடுத்துவிடு" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். தெரிந்தவராக இருந்தாலும் வாங்காதீர்கள். தாய்லாந்துக் கடைகளில் கஞ்சா விற்பதைப் பார்த்திருப்பதாக நண்பர்கள் சொல்லலாம். அந்த நாட்டுச் சட்டம் எப்படியிருந்தாலும் இருக்கட்டும். நம் எல்லைக்குள் அது கொடிய குற்றம். அங்கே உபயோகித்துவிட்டு வந்தாலும் இங்கே சிறுநீர்ச் சோதனையில் அகப்படுவீர்கள்.

கடைசியாக, பாட்டிக்காக ஒரு வேலை. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் நாள், போகும் சாலை, தங்கும் விடுதியின் பெயரும் தொலைபேசி எண்ணும், திரும்பும் நாள், வண்டி எண், கடப்பிதழ் எண், காப்புறுதி எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீசுக்கு 1155, போலீசுக்கு 191, ஆம்புலன்சுக்கு 1669. சொங்க்லா நகரில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது; அதன் எண்ணையும் தேடிப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி உங்கள் சட்டைப் பையில், ஒரு பிரதி வீட்டில்.

எப்போது தொலைபேசியில் பேசுவீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். எல்லையைத் தாண்டுமுன் ஒருமுறை, விடுதியில் இறங்கியதும் ஒருமுறை, திரும்பப் புறப்படும்போது ஒருமுறை. இரவு 9 மணிவரை பேச்சு வரவில்லை என்றால் வீட்டார் முதலில் விடுதியைக் கூப்பிடட்டும். அங்கும் தகவல் இல்லை என்றால் துணைத் தூதரகத்தைக் கூப்பிடட்டும். பயணச் செலவில் திரும்பி வருவதற்கான பணத்தைத் தனியாக ஒரு பையில் வையுங்கள். அதை எதற்கும் தொடாதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினால் அவரை நம்பி அனுப்பலாம். காட்டவில்லை என்றால், "முதலில் தாளை எழுது, பிறகு பேசலாம்" என்று சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுதான்.

பாட்டியின் அப்பாவைக் கொண்டுபோனவர்கள் எந்தத் தாளும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால்தான் அவர் எங்கே படுத்தார், எந்த நாளில் போனார் என்று இன்றுவரை அந்த வீட்டுக்குத் தெரியாது. பேரன் எழுதிய தாள் நாள்காட்டிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், திரும்பும் தேதி எது என்று பேரன் விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். அந்தத் தேதியில் வாசலில் மோட்டார் சத்தம் கேட்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.