குழாய்க்குள் ஓடும் சுழல்கள்



நாம் மாணவராய் இருந்த காலத்தில், ஆய்வுக்கூடத்தில் நம்மைக் கடைசியில் நிறுத்தினர். கண்ணாடிக் கருவிகளைத் தொட விடவில்லை. ஆகவே இன்று ஒரு கண்ணாடிக் குழாயைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

1883ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரப் பேராசிரியர் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்தினார். வேகம் குறைந்திருந்தபோது இழை நேராகச் சென்றது. வேகத்தைக் கூட்டியதும் ஓரிடத்தில் இழை கலைந்து, அதற்கப்பால் குழாய் முழுவதும் நிறம் பரவிற்று. வெறுங்கண்ணுக்கு அது குழப்பமே. ரெனால்ட்ஸ் அத்துடன் விட்டாரில்லை. மின்பொறியின் ஒளியில் நோக்கினார். கணத்தில் மின்னி மறையும் அவ்வொளியில், குழப்பம் தனித்தனிச் சுழல்களாகத் தெரிந்தது!

சிறு சுழல்கள் மட்டுமல்ல. கொந்தளித்தோடும் குழாயில், அதன் ஆரத்தைப் போல் 12 முதல் 14 மடங்கு நீளமுள்ள பேரசைவுகள் இருப்பதை 1999இல் கிம், ஏட்ரியன் என்னும் இருவர் அறிவித்தனர். மெதுவான பகுதிகளும் விரைவான பகுதிகளும் நெடும் பட்டைகளாக அடுத்தடுத்துச் செல்கின்றன. கொந்தளிப்பால் மிகும் உராய்வை வெல்லவே நீரேற்றும் பம்பு கூடுதல் மின்சாரத்தை விழுங்குகிறது. நம் தெருக் குழாய்க்கு வரும் நீரும் அந்தச் செலவில்தான் வருகிறது. இப்பேரசைவுகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. அக்கணக்கு நம் பிள்ளைகளுக்கும் காத்திருக்கிறது.

சங்கத்தின் இரவுப் பாடசாலைக்கு ஒரு கண்ணாடிக் குழாயும் சிவப்பு மைப் புட்டியும் வாங்கி வைத்துள்ளோம். வரும் ஞாயிறு மாலை வாருங்கள். எவரும் தொடலாம், உடைந்தால் வேறு வாங்குவோம்.