ரோதைமுனியும் கவ்வாத்துச் சாமியும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் எத்தனை தெய்வங்கள் உறைகின்றன என்று எண்ணப் புகுவோருக்குக் கோயில்களோடு அந்த எண்ணிக்கை முடிந்துவிடுவதில்லை. லயங்களுக்கு அருகே எழுந்து நிற்கும் மாரியம்மன் கோயிலும் முருகன் கோயிலும் யாவர் கண்ணுக்கும் புலப்படும். அவற்றுக்கு அப்பால், மரத்தடியிலே ஒரு கல்லும் சூலமுமாக முனியாண்டி இருப்பார். எல்லைப்புறத்தில் மாடசாமி காவல் நிற்பார். தேயிலை அரைக்கும் ஸ்டோரின் பக்கத்தில் ரோதைமுனி என்றொரு தெய்வம். கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துச் சாமி என்றொரு தெய்வம். தோட்டத்துக்குத் தோட்டம் பெயர் மாறலாம், படையல் மாறலாம். ஆயினும் தெய்வம் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை.

அத்தெய்வங்கள் ஏன் அவ்விடங்களில் நிற்கின்றன? படித்தவர் பலர் இதற்கு ‘மூடநம்பிக்கை’ என்ற ஒரே சொல்லால் விடை கூறிவிடுவர். மானிடவியலாரோ அச்சொல்லோடு அமைவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் சமயத்தின் தோற்றத்தைத் தம் நூலகங்களில் அமர்ந்தே ஆராய்ந்தனர். 1871ஆம் ஆண்டில் எட்வர்ட் டைலர், கனவையும் சாவையும் கண்டு வியந்த ஆதிமனிதன் உயிர் என ஒன்று உடலின் வேறாக உண்டு என எண்ணினான் என்றும், அவ்வெண்ணத்திலிருந்தே சமயம் பிறந்தது என்றும் எழுதினார். 1890இல் ஜேம்ஸ் பிரேசர், மந்திரம் என்பது வழிதவறிய விஞ்ஞானமே என்றார். அறிவு வளர வளர மந்திரமும் சமயமும் பின்னடையும் என்பது அவர் போன்றோரின் எதிர்பார்ப்பு.

நூலகத்தை விட்டு மக்களிடையே சென்றவர்கள் வேறொன்றைக் கண்டனர். அவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் செலிக்மன். அவரும் அவர் மனைவி பிரெண்டாவும் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊவாவிலும் அதனை அடுத்த காடுகளிலும் வாழ்ந்த வேடர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1911இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டனர். இறந்த உறவினரின் ஆவிகளை வேடர் வழிபட்டமையையும், கண்டே யக்கா எனப்படும் ஆவியை வேட்டைக்குத் துணையாக அழைத்தமையையும், அம்பை நிலத்திலே நாட்டி அதனைச் சுற்றி ஆடியமையையும் அந்நூல் கூறுகின்றது. பின்னர் இலண்டனில் செலிக்மனிடம் பயின்ற மாணவர் இருவர் இத்துறையின் போக்கையே மாற்றினர். ஒருவர் மலினோவ்ஸ்கி; மற்றவர் இவான்ஸ் பிரிட்சார்ட். ஊவாவின் காடுகளில் கற்றவரிடம் கற்றவர்கள் அவர்கள் என்பது இம்மாகாணத்தார் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

மலினோவ்ஸ்கி பசிபிக் கடலின் துரோபிரியாந்துத் தீவுகளில் வாழ்ந்தார். அங்குள்ள மக்கள் கரையை ஒட்டிய அமைதியான உப்பேரியில் மீன்பிடிக்கும்போது எந்த மந்திரமும் செய்யவில்லை. அவர்களே ஆழ்கடலுக்குச் செல்லும்போது விரிவான மந்திரச் சடங்குகளைச் செய்தனர். வலைபின்னவும் ஓடம் கட்டவும் அவர்கள் நன்கு அறிவர். அறிவுக்குப் பதிலாக அவர்கள் மந்திரத்தைக் கொள்ளவில்லை. அறிவும் உழைப்பும் எட்டாத இடத்தில், ஆபத்தும் ஐயமும் தொடங்கும் எல்லையில், மந்திரம் வந்து நின்றது.

இந்த விளக்கத்தைக் கையிற்கொண்டு தோட்டத்தை மீண்டும் நோக்குதல் வேண்டும். ரோதை என்பது சக்கரம். போர்த்துக்கேய மொழி வழியே நம் பேச்சில் கலந்த சொல் அது. ஸ்டோரின் இயந்திரங்களைச் சுழற்றும் சக்கரங்களும் வார்ப்பட்டிகளும் ஒரு நொடி கவனம் தவறினால் கையைப் பறித்துவிடும். அவ்விடத்தில் ரோதைமுனி இருக்கிறார். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ வெட்டிப் புதுத்தளிர் விடச் செய்யும் தொழில். கூரிய கத்தி, சரிவான நிலம், செடிக்கடியில் பாம்பு, கலைந்தால் கூட்டமாகப் பாயும் குளவி ஆகிய அனைத்தும் அங்கே உள்ளன. வேரிலே உணவுச் சேமிப்புக் குறைந்த செடியாயின், வெட்டிய பின் தளிர்க்காது பட்டுப்போதலும் உண்டு. மனிதனுக்கும் செடிக்கும் ஒருங்கே ஐயம் நேரும் அவ்விடத்தில் கவ்வாத்துச் சாமிக்குப் பூசையிட்டே முதல் வெட்டு விழுகின்றது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. மாரியம்மனையும் மாடசாமியையும் மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த முன்னோர் தம்மோடு கொணர்ந்தனர். மாசி மாதத்தில் மன்மதனை எரித்து இரதியின் துயரைப் பாடும் காமன் கூத்தும் அவ்வாறு வந்ததே. ஆனால் ரோதைமுனி அவர்களுடைய கிராமங்களில் இருந்திருக்க முடியாது. அங்கே தேயிலை ஸ்டோர் இல்லை. கவ்வாத்துச் சாமியும் அங்கே இல்லை. கவ்வாத்து என்னும் தொழிலே அவர்களுக்குப் புதிது. இத்தெய்வங்கள் இம்மண்ணில், இத்தொழிலில் பிறந்தவை. ஆகவே நம்பிக்கை என்பது பழமையின் எச்சம் மட்டுமன்று. புதிய இயந்திரம் புதிய அச்சத்தைத் தந்தபோது மக்கள் அதற்குப் புதிய காவலைத் தேடிக்கொண்டனர். துரையும் கங்காணியும் தராத காவல் அது.

செலிக்மனின் மற்றொரு மாணவராகிய இவான்ஸ் பிரிட்சார்ட் ஆபிரிக்காவின் அசாந்தே மக்களைப் பற்றி 1937இல் எழுதிய நூலில் ஒரு சிறு செய்தி உண்டு. தானியக் களஞ்சியம் ஒன்று சில வேளைகளில் இடிந்து விழும். அதன் நிழலில் அமர்ந்திருப்பவர் காயமுறுவர். கால்களைக் கறையான் அரித்தமையாலேயே களஞ்சியம் விழுந்தது என்பது அம்மக்களுக்கு நன்கு தெரியும். ஆயினும், இன்னார் அமர்ந்திருந்த அந்த வேளையில் ஏன் விழுந்தது என்று அவர்கள் வினவினர். அதற்குச் சூனியம் என்றனர். ‘எப்படி’ என்ற வினாவுக்குக் கறையான் விடை. ‘ஏன் எங்களுக்கு’ என்ற வினாவுக்குச் சூனியம் விடை.

ஊவாவிலும் அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் எனப் பெயர்பெற்றவர். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். பதுளை புனித மார்க் தேவாலயம் அவர் நினைவைத் தாங்கி நிற்கின்றது. மின்னல் எவ்வாறு தாக்கும் என்பதைப் பௌதிகவியல் கூறும். யானைகளைக் கொன்ற பாவம் என்று மக்கள் கூறினர். அவர்கள் மின்னலை அறியாதவர் அல்லர். அவர்கள் கேட்ட கேள்வி வேறு.

கல்வி பரவினால் இக்கேள்வி மறையுமா? ஊவா மாகாணத்துக் கதிர்காமத்தைப் பற்றிக் கணநாத் ஒபேசேகர 1970களில் எழுதிய ஆய்வுகள் வேறுவிதமாகக் காட்டுகின்றன. தமிழரும் சிங்களவரும் வணங்கும் அத்தெய்வத்தின் செல்வாக்கு இருபதாம் நூற்றாண்டில் குறையவில்லை, ஓங்கியது. தேர்தலில் நிற்போரும், வணிகரும், பரீட்சை எழுதி உத்தியோகம் தேடுவோரும் அங்கே நேர்த்தி வைத்தனர். ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவனைப் போலவே, முயற்சி எல்லாம் செய்தும் முடிவு தன் கையில் இல்லாதவர்கள் அவர்கள்.

அப்படியாயின் எல்லா நம்பிக்கையும் நன்றே எனக் கொள்ளலாமா? அவ்வாறு கொள்ளல் தகாது. பாம்பு கடித்தவனை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லாமல் மந்திரித்துக்கொண்டிருப்பது உயிரைப் பறிக்கும் செயல். பெரியம்மை மாரியம்மனின் கோபம் எனப்பட்ட காலம் இருந்தது. அந்நோயை உலகிலிருந்து ஒழித்தது தடுப்பூசியே. ஒழிந்தமை 1980இல் அறிவிக்கப்பெற்றது. ‘எப்படி’ என்ற வினாவை மருத்துவரிடமும் பொறியியலாளரிடமுமே கேட்டல் வேண்டும். அம்மன் திருவிழாவோ அதனால் நின்றுவிடவில்லை. நிற்க வேண்டியதும் இல்லை.

இவ்விரு வினாக்களுக்கும் இடையில் மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மழைநீர் ஊறிய மண் எவ்வாறு சரிந்தது என்பதை நிலவியலார் விளக்கினர். ‘இறைவா, ஏன் எங்களுக்கு’ என்று உறவினரை இழந்தோர் அழுதனர். அந்த அழுகைக்கு முன் எந்த அறிஞனும் வாய் திறத்தல் ஆகாது. ஆனால் களஞ்சியத்தின் நிழலில் அவர்கள் அமர்ந்திருந்தது தற்செயல் அன்று. அச்சரிவில் லயங்களை எழுப்பியவர்கள் அங்கு வாழ்ந்தவர்கள் அல்லர். அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பெற்றிருந்தது. ‘எங்களை அங்கே வைத்தவர் யார்? எச்சரித்த பின்னும் அகற்றாதவர் யார்?’ என்ற வினாவைத் தெய்வத்திடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு மனிதரே விடை கூறுதல் வேண்டும்.

மானிடவியல் கற்பிக்கும் தெளிவு இதுவே. நம்பிக்கையை இகழ்பவர், அது சுட்டிக்காட்டும் அச்சத்தைக் காணத் தவறுகின்றனர். நம்பிக்கையிலேயே அமைந்துவிடுபவர், அவ்வச்சத்தை நீக்கக்கூடிய வழியைக் காணத் தவறுகின்றனர். ரோதைமுனி நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு வேலி போடுவதும் வேண்டும். குளவிக்கூடு உள்ள மலையில் பூசையும் நடக்கலாம். கூட்டை அகற்றும் ஏற்பாடும் நடக்க வேண்டும்.

இன்று தோட்டங்களில் சிமெந்தாலும் ஓடுகளாலும் கோபுரக் கோயில்கள் எழுகின்றன. மரத்தடித் தெய்வங்கள் படித்த இளைஞருக்கு நாணம் தருவனவாகி, ஒவ்வொன்றாக மறக்கப்படுகின்றன. காடாயிருந்த இம்மலைகளைத் தோட்டமாக்கியவர்கள் எழுதிவைத்த வரலாறு மிகச் சிறிது. அவர்கள் எங்கெங்கே அஞ்சினர், எங்கெங்கே இரத்தம் சிந்தினர், எங்கெங்கே மனிதரின் துணையின்றித் தெய்வத்தை அழைத்தனர் என்பதற்கு அக்கற்களே சாட்சி. வணங்க மனமில்லாத இளைஞரும் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு அத்தெய்வங்களின் பெயரையும் இடத்தையும் கதையையும் எழுதி வைக்கலாம். அவற்றைச் சொல்லக்கூடியோர் இருக்கும் காலத்திலேயே அதனைச் செய்தல் நன்று.