பிள்ளையின் கட்டிலுக்கு என்ன மெத்தை?

(பெரியநீலாவணையில் நிரந்தர வீடுகளுக்குத் திரும்பும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வீட்டுத் திறப்பு உங்கள் கைக்கு வரப்போகிறது. தண்ணீர், மின்சாரம், பத்திரம் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சின்ன விடயம் பற்றித்தான் பேசப் போகிறேன். உங்கள் பிள்ளைகள் எதில் படுத்துத் தூங்கப் போகிறார்கள்?

2004 டிசம்பர் 26 இல் கடல் எடுத்துப் போனவற்றில் கட்டிலும் மெத்தையும் பாயும் அடங்கும். அதன் பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தோம், கூடாரத்தில் படுத்தோம். கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற அறிவிப்பால் பல குடும்பங்கள் தகரக் கொட்டில்களில் காலம் தள்ளின. பொலித்தீன் விரிப்புக்கு மேல் ஒரு சேலையைப் போட்டுத்தான் பிள்ளைகள் தூங்கினார்கள். அதனால் புது வீட்டுக்குப் போனதும் 'என் பிள்ளை இனி நல்ல மெத்தையில் படுக்க வேண்டும்' என்று ஒவ்வொரு உம்மாவும் அம்மாவும் நினைப்பது நியாயம். ஆனால் அந்த ஆசையில் கடைக்குப் போய், கையை வைத்தால் அமுங்கிப் போகிற மெத்தையையே பலர் வாங்குகிறார்கள். பிள்ளைக்கு வேண்டியது அதுவல்ல. உடம்பைத் தாங்குகிற, ஈரம் பிடிக்காத, கட்டிலுக்குச் சரியாகப் பொருந்துகிற மெத்தைதான் வேண்டும். மென்மையும் விலையும் அதற்குப் பிறகுதான்.

முதலில் கைக்குழந்தைகள்

வீட்டில் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். மெத்தையால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய வயது இது.

மிக மென்மையான மெத்தையில் குழந்தை புரண்டு குப்புற விழுந்தால் முகம் உள்ளே புதையும். தலையைத் தூக்கித் திருப்பும் பலம் அந்த வயதில் போதாது. மூச்சு முட்டும். சத்தமும் வராது. ஆகவே குழந்தை படுக்கும் இடம் தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, தடித்த போர்வை, பஞ்சுப் பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். பிரித்தானியாவில் 1991 இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று ஒரு பெரிய பிரசாரம் செய்தார்கள். அதன் பின் தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது.

ஏணையில் ஆட்டித் தூங்க வைப்பது நம் வழக்கம். ஆனால் ஏணையில் குழந்தை வளைந்து கிடக்கும், நாடி நெஞ்சில் முட்டும். அதனால் இரவு முழுவதும் ஏணையில் விடாதீர்கள். தூங்கியதும் தட்டையான இடத்துக்கு மாற்றி, மல்லாக்கக் கிடத்துங்கள். பெரியவர்களின் ஸ்பொஞ்சு மெத்தையில் நடுவில் போட்டுக்கொண்டு தூங்குவதையும் தவிருங்கள். பெரியவர் படுக்கும் பக்கம் மெத்தை பள்ளமாகும், குழந்தை அந்தப் பள்ளத்துக்குள் உருளும்.

கைக்குழந்தைக்கென்று தனி மெத்தை வாங்க வசதி இல்லையா? மடித்த பருத்தித் துணியை இறுக்கமாக விரித்த பன்பாய் போதும். நம் மூத்தம்மாமார் இழைத்த பாய் உறுதியானது, தட்டையானது, காற்றோட்டமானது. அதில் குழந்தையைப் படுக்க வைப்பது ஒரு குறையுமில்லை.

நடக்கிற, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு

கல்முனை பஸாரில் பெரும்பாலும் மூன்று வகை மெத்தை கிடைக்கும்.

தும்பு மெத்தை உறுதியானது. உள்ளே காற்று போய் வரும், நனைந்தாலும் மற்றவற்றை விடச் சீக்கிரம் காயும். இறப்பர்பால் தெளித்து அமுக்கிய தும்பு குவியாமல் இருக்கும். சும்மா அடைத்த தும்பு நாளடைவில் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். ஆனாலும் உறையைப் பிரித்து, தும்பை உதறித் திரும்ப அடைக்கலாம்.

இலவம்பஞ்சு மெத்தை முதலில் நன்றாக இருக்கும். ஈரம் பட்டால் கட்டி கட்டியாகிவிடும். அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்டுபவர்களுக்கே அது சரிவரும்.

ஸ்பொஞ்சு மெத்தைதான் இலேசானது, எங்கும் கிடைப்பது. ஏமாறுவதும் இதில்தான் அதிகம். வெளியுறை ஒன்றுபோல இருக்கும், உள்ளே இருப்பது வேறுபடும். அடர்த்தி என்ன என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஒரு கன மீற்றர் ஸ்பொஞ்சு எத்தனை கிலோ என்பதுதான் அடர்த்தி. அவர் சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம். 72 அங்குல நீளம், 36 அங்குல அகலம், 4 அங்குலத் தடிப்புள்ள மெத்தையின் ஸ்பொஞ்சு, அடர்த்தி 16 என்றால் ஏறக்குறைய 2¾ கிலோ இருக்கும். 24 என்றால் 4 கிலோ. 32 என்றால் ஏறக்குறைய 5½ கிலோ. பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மிக இலேசான மெத்தை கொஞ்சக் காலத்தில் நடுவில் குழி விழும். பிள்ளைக்கு வாங்கும்போது 24 இற்குக் குறையாமல் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெட்டுத் துண்டுகளை ஒட்டி அமுக்கிச் செய்த ஸ்பொஞ்சு எடை கூடியதாகவே இருக்கும். உறையின் ஓரத்தைத் திறந்தால் பல நிறத் துண்டுகள் தெரியும். அதனால் தராசை மட்டும் நம்பாதீர்கள். பின்வரும் சோதனைகளையும் செய்யுங்கள்.

ஒன்று: உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்தி எடுங்கள். மெத்தை உடனே எழும்ப வேண்டும். கை பதிந்த பள்ளம் அப்படியே நின்றால் வேண்டாம்.

இரண்டு: மெத்தையைத் தரையில் போட்டு நீங்கள் முழங்காலில் நில்லுங்கள். முழங்கால் தரையில் முட்டினால் அது பிள்ளையை அதிக காலம் தாங்காது.

மூன்று: பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வையுங்கள். வெட்கப்பட வேண்டாம், காசு கொடுப்பது நீங்கள். மல்லாக்கப் படுத்ததும் இடுப்புக்குக் கீழே உங்கள் கையை நுழையுங்கள். சற்று இறுக்கமாக நுழைந்தால் சரி. கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை மிகக் கடினம். நுழையவே முடியாவிட்டால் பிள்ளை அமிழ்ந்து போகிறது. பிறகு பக்கவாட்டில் படுக்கச் சொல்லுங்கள். பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகு நேராக இருக்க வேண்டும், தொட்டில் போல வளையக் கூடாது.

'முதுகு வளையாமல் காக்கும் மெத்தை' என்று கூடிய விலைக்கு விற்பவர்களும் உண்டு. முதுகெலும்பு பக்கமாக வளைவது மெத்தையால் வரும் நோய் அல்ல, மெத்தையால் மாறுவதும் இல்லை. பிள்ளையின் ஒரு தோள் உயர்ந்தோ, முதுகில் ஒரு பக்கம் புடைத்தோ தெரிந்தால் அந்தக் காசை மெத்தைக்குக் கொடுக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கட்டிலும் மெத்தையும் பொருந்த வேண்டும்

கடைக்குப் போகும் முன் கட்டிலின் உள்ளளவை நூல் பிடித்து அளந்துகொள்ளுங்கள். மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. சின்னப் பிள்ளையின் கையோ தலையோ அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

வீடு சிறியது, பிள்ளைகள் அதிகம் என்பதால் சிலர் இரண்டடுக்குக் கட்டில் வாங்குவீர்கள். மேல் தட்டில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க விடாதீர்கள். மேல் தட்டுக்குத் தடித்த மெத்தையும் வேண்டாம். மெத்தை உயர உயரத் தடுப்புச் சட்டம் பதிந்து போகும். மெத்தைக்கு மேலே தடுப்பு குறைந்தது 5 அங்குலமாவது நிற்க வேண்டும்.

நுளம்பு வலையையும் மறக்க வேண்டாம். நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகக்கூடிய அளவு வலை இருக்க வேண்டும். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். பகல் தூக்கத்துக்கும் வலையைக் கட்டுங்கள்.

ஈரம்தான் நமது பெரிய எதிரி

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. ஒக்ரோபர் தொடங்கி ஜனவரி வரை மாரி மழை. இந்த ஊரில் மெத்தையைக் கெடுப்பது பாவனையை விட ஈரம்தான். மெத்தையை வெறும் சீமெந்துத் தரையில் நிரந்தரமாகப் போடாதீர்கள், அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். கட்டில் இன்னும் வரவில்லையென்றால் பலகை அடுக்கி அதன் மேல் போடுங்கள். பகலில் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். கட்டிலைச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

தும்பு, பஞ்சு மெத்தைகளைக் கிழமைக்கு ஒரு நாள் வெயிலில் போடுங்கள். ஸ்பொஞ்சு மெத்தையை நிழலில் காற்றாட வைத்தால் போதும். கடும் வெயிலில் கிடந்தால் அது மஞ்சளாகி உதிரத் தொடங்கும்.

கடையில் சுற்றித் தந்த பொலித்தீனை அப்படியே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. புதிதாகவே இருக்கட்டும் என்ற எண்ணம். தயவுசெய்து கழற்றிவிடுங்கள். வியர்வை உள்ளே தங்கும். கிழிந்த பொலித்தீன் சின்னப் பிள்ளையின் முகத்தை மூடினால் ஆபத்து. மருதமுனைத் தறியில் நெய்த பருத்தித் துணியில் ஓர் உறை தைத்துப் போடுங்கள். கழுவலாம், காற்றும் போகும்.

பழைய மெத்தை யாராவது தந்தால் வாங்கலாம். ஆனால் தையல் ஓரங்களை விரித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது, வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். வெள்ளத்தில் ஊறிய மெத்தையை யார் தந்தாலும் வேண்டாம். வெளியே காய்ந்தாலும் உள்ளே காயாது. இழுப்பு உள்ள பிள்ளைக்கு அந்தப் பூஞ்சணம் கேடு.

இன்னொன்று, திட்டாமல் கேளுங்கள்

'புது மெத்தை வாங்கினேன், இவன் நனைத்துவிடுகிறான்' என்று சொல்லும் தாய்மாரை நான் சந்திக்கிறேன். ஐந்து வயது வரை இது சாதாரணம். இரவில் நனைக்காமல் இருந்த பிள்ளை, பெரிய பயத்துக்குப் பிறகு மறுபடி நனைக்கத் தொடங்குவதும் உண்டு. இடம் மாறும்போதும் அப்படி நடக்கலாம். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. அடித்தால் கூடும், குறையாது. விரிப்புக்குக் கீழே ஒரு றெக்சின் துண்டும் அதன் மேல் மடித்த பழைய சாரனும் போடுங்கள். காலையில் அதை மட்டும் கழுவினால் போதும், மெத்தை தப்பும். மற்றப் பிள்ளைகள் முன்னால் அதைப் பற்றிப் பேசாதீர்கள். மாதக் கணக்கில் தொடர்ந்தால், அல்லது பிள்ளை இரவில் அலறி எழும்பினால், வைத்தியரிடம் காட்டுங்கள்.

காசு போதாத வீடுகளுக்குக் கடைசியாக ஒன்று சொல்கிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் மட்டமான மெத்தை வாங்குவதை விட, ஒரு நல்ல மெத்தையை இப்போது வாங்குங்கள். மற்றவர்களுக்குப் பன்பாயில் இரண்டு மடிப்புப் பருத்தி விரிப்பு போடுங்கள். காய்ந்த, உறுதியான பாயில் பிள்ளை நன்றாகத் தூங்கும். குழி விழுந்த, ஈரம் பிடித்த மெத்தையில் தூங்காது. அடுத்த வேளாண்மைக் காசிலோ அடுத்த மீன் காசிலோ இன்னொன்று வாங்கலாம்.

திறப்பை வாங்கிய அன்றே கட்டிலின் உள்ளளவை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் புது வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.