ஞானஸ்நானமும் தனித்தொகுதியும்

என் சாதிச் சான்றிதழில் 'பிற்படுத்தப்பட்டோர்' என்றிருக்கும். பெரியப்பா மகனுக்கு 'ஆதிதிராவிடர்'. சேரி ஒன்று, வாங்கிய வசவும் ஒன்று. அவர் கோயிலுக்குப் போகிறார், நான் சர்ச்சுக்குப் போகிறேன். வேறுபாடு அவ்வளவுதான்.

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. அங்கே நான் ஓட்டுப் போடலாம், வேட்புமனு போட முடியாது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி தடுக்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு, கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. கிறித்தவத்தில் சாதி இல்லையாம்! திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சுவர் எழுப்பிப் பிணங்களைப் பிரித்தார்களே, அது என்ன?

ஆகஸ்ட் 10ஐ ஆயர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். நல்லது, நாமும் நிற்போம். ஆனால் தில்லியில் நமக்காக வாதாடுகிறவர்கள், ஊர்த் திருவிழாவில் சப்பரம் சேரிக்குள் வராமல் திரும்பும்போது மட்டும் ஏன் வானத்தைப் பார்க்கிறார்கள்?

தேர்தல் நேரத்தில் 'மதச்சார்பற்றவருக்கு வாக்களியுங்கள்' என்று பூசையில் சொல்வார்கள். சரி, போடுவோம். அதோடு உங்கள் பங்குப் பேரவையில் எழுந்து இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்: மூன்றாம் பத்தியை நீக்க அந்த வேட்பாளர் வாய் திறப்பாரா? நம் சப்பரம் எந்த வருடம் சேரிக்குள் வரும்?