மூளையின் அமைதி வாயில்கள்

மூளையின் தொழில் என்றதும் பலரும் தூண்டுதலையே எண்ணுவர். தூண்டுதலை அடக்குதலும் அதற்கு இணையான தொழிலேயாகும். அடக்குதல் குன்றினால் நரம்புக்கலங்கள் கூட்டங்கூட்டமாக ஒருங்கே கிளர்ந்தெழும், வலிப்புத் தோன்றும்.

இவ்வடக்குதலை மூளையில் நிகழ்த்தும் முதன்மையான பொருள் காபா எனப்படும். அது மூளையில் உண்டென்பதை 1950ஆம் ஆண்டில் வெளியிட்டவர்களுள் யூஜீன் ரொபேட்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஒருவர். ஒரு நரம்புக்கலம் காபாவை வெளிவிட, அடுத்த கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் அதனை ஏற்கின்றன. ஐந்து புரதக் கூறுகள் வட்டமாகக் கூடியமைந்ததே அத்தகைய வாங்கி. காபா வந்து பொருந்தியதும் அதன் நடுவே வழி திறக்கும். குளோரைட்டு அயன்கள் உட்புகும். கலத்தின் கிளர்ச்சி தணியும்.

இவ்வாயில்கள் சுவரிற் பதித்த கற்களைப் போன்று நிலையானவை அல்ல. கெபிரின் என்னும் புரதம் அவற்றுட் பலவற்றை நரம்பிணைப்பில் நங்கூரமிட்டாற்போல நிறுத்துகின்றது. எனினும், கலம் அவற்றை ஓயாது உள்ளே இழுத்தும் வெளியே அனுப்பியும் வருகின்றது. வாங்கியின் குறித்த சில இடங்களிற் பொசுபேற்று ஒட்டியிருக்கும்வரை, உள்ளிழுக்கும் புரதம் அதனை எளிதிற் பற்றமாட்டாது. பொசுபேற்று நீங்கியதும் பற்றிக்கொள்ளும். உட்சென்றவற்றுட் சில மேற்பரப்புக்கு மீளும், சில சிதைந்தொழியும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. எலிகளில் நடத்திய ஆராய்ச்சியொன்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. வலிப்பு ஒரு மணி நேரம் நீடித்தபின், ஆராய்ந்த கலங்களின் நரம்பிணைப்பு ஒவ்வொன்றிலும் தொழிற்படும் வாங்கிகள் ஏறக்குறைய 36 இலிருந்து 18 ஆகக் குறைந்திருந்தன. அமைதி மிக வேண்டப்படும் வேளையிலேயே அதன் வாயில்கள் உள்ளே மறைகின்றன.

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டயசிபாம், காபாவின் செயலை மிகுவிக்கும் மருந்து. மேற்பரப்பில் வாங்கியே இல்லையெனின் அது எதனை மிகுவிக்கும்? தொடக்கத்தில் வலிப்பை அடக்கவல்ல அளவு, காலந்தாழ்த்திக் கொடுக்கும்போது பயன்படாது போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆதலின், கைகால் உதறும் வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடிப்பின் அஃது அவசர நிலையேயாகும். நோயாளியின் கையில் இரும்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதாற் பயனில்லை. அவரை ஒருபுறமாகச் சரித்துக் கிடத்தி, வாயில் எதனையும் இடாது, கடிகாரத்தைப் பார்த்து, விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். கழியும் ஒவ்வொரு நிமிடத்தோடும் மருந்து சென்று பற்றவேண்டிய வாயில்கள் குறைந்துகொண்டே போகின்றன.