கற்றவர் மீண்டும் மாணவரானபோது



பத்தாண்டு கண்ட நம் வட்டத்தில் ‘இதெல்லாம் நாம் அறிந்தவையே’ என்ற குரல் சிலவேளை எழுகின்றது. அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

அறிவுத்திறன் பிறவியிலேயே அளந்து தரப்பட்டது என நம்புவோர் தம் அறியாமையை மறைக்க முயல்வர். முயற்சியால் அது வளரும் என நம்புவோர்க்கோ அறியாமை ஒரு தொடக்கம். அமெரிக்க உளவியலறிஞர் கரோல் டுவெக் 2006இல் வெளியிட்ட நூலில் இவ்விரு மனப்பாங்குகளை விரித்துரைத்தார். நமக்கு நெருங்கிய சான்று கும்பகோணத்தில் உண்டு.

1880இல் உ. வே. சாமிநாதையருக்கு அகவை 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரித் தமிழாசிரியர். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அவர் அடுக்கியபோது, முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை.

அந்த வினாவை நாம் பெரிதும் போற்றுகின்றோம். அதனைச் செவிமடுத்தவரின் உள்ளத்தை அவ்வளவு எண்ணுவதில்லை. பதவியும் ஆசிரியர் பெருமையும் வாய்த்தவர் சினந்து திரும்பியிருப்பின் குறைசொல்ல எவருளர்?

ஐயரோ பிரதியைப் பெற்றுக்கொண்டார். நூல் எளிதில் விளங்கவில்லை. சமணக் கொள்கை அறியாது அதனுள் நுழைய இயலாதெனக் கண்டு, அவ்வூர்ச் சமணரை நாடி ஐயம் கேட்டார். கல்லூரியில் கற்பித்தவர் அங்கே மாணவர். சைவ மடத்துச் சூழலில் பயின்றவர்க்கு இது சிறு செயலன்று!

1887இல் சிந்தாமணி அச்சேறியது. அத்துடன் அமைந்துவிடாமல் மேலும் ஏடுகள் தேடி ஒப்பிட்டார். 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பு வெளிவந்தது.