பென்சில் முனையும் ஞாயிறு வகுப்பும்

(ஆண்டு விழாவில் பெற்றோரிடையே ஆற்றிய உரை)



தமிழ் வகுப்பைப் பற்றிப் பேச வந்த நாங்கள் பென்சிலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றால் சிலருக்கு நகைப்பு வரலாம். ஆனால் தலைநகரில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழெழுத்தோடு உறவு ஞாயிறு காலை ஒரு மணி நேரந்தான். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமே. அந்த ஒரு மணியில், குப்பைக் கூடையருகே நின்று பென்சில் சீவுவதில் பத்து நிமிடம் போய்விடும். ஒருவன் எழுந்தால் நால்வர் எழுவர். எழுத மனமில்லாதவனுக்கு அதைவிட நல்ல புகலிடம் வேறில்லை!

மழுங்கிய முனையோடு எழுதட்டுமே என்று விடவும் இயலாது. நம் எழுத்துக்களில் சுழிகள் மிகுதி. முனை தடித்தால் மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் குழம்பி, 'மணம்' எது, 'மனம்' எது என்று விளங்காது. பிள்ளை சரியாகவே எழுதியிருக்கும். திருத்துவோர் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றும்.

ஆகையால் வகுப்பில் இரண்டு தகர டப்பாக்கள் வைத்திருக்கிறோம். ஒன்றில் சீவியவை, மற்றதில் மழுங்கியவை. முனை ஒடிந்தால் பிள்ளைகள் தாமே மாற்றி எடுத்துக்கொள்ளலாம். எவரையும் கேட்க வேண்டுவதில்லை. வகுப்பு முடிந்தபின் பெரிய பிள்ளைகள் இருவர் முறைவைத்துச் சீவி வைக்கின்றனர். பென்சில் கொண்டுவராத குழந்தையை நாங்கள் நிற்கவைப்பதில்லை. தமிழ் வகுப்பென்றாலே அச்சம் என்றாகிவிட்டால் மறுவாரம் அக்குழந்தை வராது.

சீவச் சீவ ஒடிகிறதே என்று தாய்மார்கள் பலர் கேட்கின்றீர்கள். உள்ளே இருப்பது ஈயமன்று. கிராபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுட்ட குச்சி. 1795இல் பிரான்சு நாட்டுக் கோன்டே கண்ட முறை அது. பென்சில் கீழே விழும்போது மரத்துக்குள்ளேயே குச்சி பல இடங்களில் முறிந்துவிடுகிறது. பிறகு எத்தனை முறை சீவினாலும் துண்டு துண்டாக உதிரும். ஷார்ப்பனரின் அலகு மழுங்கியிருப்பதும் ஒரு காரணம். எச்.பி. பென்சிலே போதும். களிமண் குறைந்த மென்மையான வகை அழகாகக் கறுக்கும். விரைவில் தேய்ந்தும் போகும்.

சனிக்கிழமை இரவே இரண்டு பென்சில்களைப் பிள்ளையின் கையாலேயே சீவி வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் பாதி தேய்ந்து கிடப்பவற்றை எறிந்துவிடாமல் எங்கள் டப்பாவுக்கு அனுப்புங்கள். சுண்டுவிரலினும் குட்டையானவை மட்டும் வேண்டா. சீவும்போது பிடி கிடைப்பதில்லை.